உடலில் தேங்கும் நீர்

நெடுநேரம் நின்றவர் காலிலும், நோயுற்ற குழந்தையின் முகத்திலும், யானைக்கால் நோயாளியின் பாதத்திலும் தோன்றும் வீக்கம் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். ஆனால், அவற்றின் காரணங்கள் வேறு, மருத்துவம் வேறு, காத்திருக்கக்கூடிய காலமும் வேறு. திசுக்களில் நீர் ஏன் தேங்குகிறது, அது எத்தனை வகைப்படும், எந்த வீக்கத்தைப் புறக்கணிக்கக் கூடாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஏரியும் உடலும்

சென்னையின் மேற்குப் பகுதியில் ஏரிகள் சங்கிலிபோல் அமைந்துள்ளன. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்கிறது. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலக்கிறது. வரத்துக்கால்வாய், கரை, மதகு, கலங்கல், போக்குக்கால்வாய் ஆகிய அனைத்தும் முறையாக இருந்தால் நீர் தனக்குரிய இடத்தில் நிற்கும். வரத்து மிகுந்தாலோ, கரை கசிந்தாலோ, போக்குக்கால்வாய் தூர்ந்தாலோ நீர் குடியிருப்புகளுக்குள் புகுந்துவிடும். தெருவில் நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றுவது உடனடித் தீர்வு. அது ஏன் வந்தது என்று கண்டறிவதே நிலையான தீர்வு. உடலில் தோன்றும் நீர்வீக்கத்துக்கும் இது பொருந்தும்.

உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீராகும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 36 லிட்டர் நீர் உள்ளது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. எஞ்சிய 12 லிட்டரில் ஏறத்தாழ 3 லிட்டர், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவாக ஓடுகிறது. மீதமுள்ள 9 லிட்டர் செல்களுக்கு இடையே திசு இடைத்திரவமாக நிறைந்துள்ளது. இந்த இடைத்திரவம் அளவுக்கு மீறிப் பெருகுவதே நீர்வீக்கம். மருத்துவர் இதனை எடிமா என்பர். ‘காலில் நீர் கோத்திருக்கிறது’ என்பது மக்கள் வழக்கு. சித்த மருத்துவ நூல்களில் சோபை என்னும் பெயரும், வயிற்றில் நீர் சேர்வதைக் குறிக்கும் மகோதரம் என்னும் பெயரும் வழங்குகின்றன.

தள்ளும் விசையும் இழுக்கும் விசையும்

தமனிகளும் சிரைகளும் தந்துகிகளால் இணைக்கப்பட்டுள்ளன. தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் அளவு தடிப்புடையது. இச்சுவரின் வழியாகவே ஆக்சிஜனும் உணவுச் சத்துகளும் திசுக்களைச் சென்றடைகின்றன. அப்போது நீரும் சிறிது கசிகிறது. எவ்வளவு கசியும் என்பதை இரண்டு விசைகள் முடிவு செய்கின்றன என்று இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் 1896 இல் விளக்கினார்.

முதலாவது, தந்துகிக்குள் இருக்கும் இரத்தத்தின் அழுத்தம்; இது நீரை வெளியே தள்ளுகிறது. இரண்டாவது, பிளாஸ்மாவில் கரைந்துள்ள புரதங்களின் ஈர்ப்பு. இது நீரைக் குழாய்க்குள் நிறுத்தி வைக்கிறது. இப்புரதங்களுள் முதன்மையானது கல்லீரல் உருவாக்கும் அல்புமின். தள்ளும் விசை சற்று மிகுந்திருப்பதால் நாள்தோறும் ஓரளவு நீர் திசுக்களில் எஞ்சி நிற்கிறது. அவ்வாறு எஞ்சியதை நிணநீர் நாளங்கள் சேகரித்து, கழுத்தின் அடிப்பகுதியிலுள்ள பெருஞ்சிரைகளின் வழியே மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன.

இவ்வமைப்பில் நான்கு இடங்களில் பழுது நேரலாம். தள்ளும் விசை மிகலாம். இழுக்கும் விசை குறையலாம். தந்துகிச் சுவர் கசியலாம். நிணநீர் வடிகால் அடைபடலாம். எல்லா நீர்வீக்கங்களையும் இந்நான்கனுள் ஒன்றாகவோ, ஒன்றுக்கு மேற்பட்டவற்றின் சேர்க்கையாகவோ விளக்கலாம்.

முதற்காரணம்: அழுத்தம் மிகுதல்

நிற்கும்போது கால்களிலுள்ள இரத்தம் புவியீர்ப்புக்கு எதிராக இதயத்தை நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றன. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள், மேலேறிய இரத்தம் கீழிறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்பவருக்கு இத்தசைகளின் துணை கிடைப்பதில்லை. இரத்தம் கீழே தேங்குவதால் தந்துகிகளில் அழுத்தம் கூடி, கணுக்காலில் நீர் கசிகிறது. மாலையில் செருப்பு இறுக்கமாவதும், இரவு படுத்தெழுந்தபின் வீக்கம் வடிந்திருப்பதும் இதன் அடையாளங்கள்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நிற்பவர்க்கும், துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுதும் நிற்கும் விற்பனைப் பணியாளர்க்கும் இது அன்றாடத் துன்பம். பல ஆண்டுகள் தொடர்ந்தால் சிரை வால்வுகள் தளர்ந்து சுருள்சிரை உண்டாகலாம். இது தனிமனிதர் உடல்நலச் சிக்கல் மட்டுமன்று. பணியிட உரிமைச் சிக்கலுமாகும். இதனை உணர்ந்து கேரளம் 2018 இல், கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்குவதைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021 இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அனைவர்க்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று விதித்தது. பணிநேரம் முழுவதும் நின்றே கழிக்கும் நிலையை மாற்றுவது இத்திருத்தத்தின் நோக்கம்.

இதயம் வலுவிழந்து இரத்தத்தை முழுமையாக வெளியேற்ற இயலாதபோதும் சிரைகளில் அழுத்தம் மிகும். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால் கால்களும் வயிறும் வீங்கும். இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் உண்டாகும். சிறுநீரகம் பழுதுற்று உப்பையும் நீரையும் வெளியேற்ற இயலாத நிலையிலும் உடல் முழுவதும் நீர் மிகும். காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து அடைத்தால் பெரும்பாலும் அந்த ஒரு கால் மட்டும் வலியுடன் வீங்கும்.

தெரிந்து தெளிவோம்

வைட்டமின் பி1 எனப்படும் தயமின் குறைந்தால் பெரிபெரி என்னும் நோய் உண்டாகிறது. இதன் ஒருவகையில் இதயம் தளர்ந்து கால்கள் வீங்கும். நெல்லை அவித்து உலர்த்தும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்குகிறது. ஆதலால், ஆலையில் நன்கு தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் இச்சத்து மிகுதியாக எஞ்சுகிறது. செங்குன்றம் அரிசி ஆலைகளில் இன்றும் நடைபெறும் நெல் அவித்தல், நம் முன்னோர் அறிந்திருந்த பயனுள்ள உணவுத் தொழில்நுட்பமாகும். அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பைக் குன்னூர் ஆய்வகத்தில் இராபர்ட் மெக்காரிசன் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்.

இரண்டாம் காரணம்: புரதம் குறைதல்

இரத்தத்தில் அல்புமின் குறைந்தால், நீரைக் குழாய்க்குள் நிறுத்தும் ஈர்ப்பு தளர்கிறது. அல்புமின் மூன்று வழிகளில் குறையலாம். உண்ணும் உணவில் புரதம் இல்லாமற்போகலாம். கல்லீரல் பழுதுற்று அதனை உருவாக்க இயலாமற்போகலாம். சிறுநீரக வடிகட்டி சிதைந்து புரதம் சிறுநீரில் வெளியேறலாம். இம்மூன்றாம் நிலை குழந்தைகளிடமும் காணப்படும். காலையில் கண்ணிமைகள் உப்பியிருப்பதும் சிறுநீர் நுரைத்து வெளியேறுவதும் அதன் அறிகுறிகள். ‘நன்றாகத் தூங்கியதால் முகம் உப்பியிருக்கிறது’ என்று எண்ணி விட்டுவிடுவது தவறாகும்.

பட்டினியால் உண்டாகும் வீக்கத்துக்குத் தமிழகம் துயரமான சான்று. 1876 முதல் 1878 வரை நீடித்த சென்னை மாகாணப் பெரும்பஞ்சத்தின்போது பசியால் மெலிந்த மக்கள் நிவாரண முகாம்களை நாடி வந்தனர். 1877 இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். கடின உழைப்புக்கு அவ்வளவு தானியம் போதாது. பருப்பு முதலிய புரத உணவும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். சில மாதங்களில் அக்கூலி அளவு கைவிடப்பட்டது. எனினும், அதற்குள் பலருடைய உடல் மீள முடியாத நிலையை அடைந்திருந்தது.

சென்னையில் பஞ்ச நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த அலெக்சாண்டர் போர்ட்டர், தாம் கண்ட நோய்களைத் தொகுத்து 1889 இல் நூலாக வெளியிட்டார். பஞ்சத்தில் மெலிந்த உடலில் கால்கள் மட்டும் பருத்திருப்பது ஊட்டம் அன்று; உடல் தன் தசையையே எரித்துத் தீர்த்ததன் அடையாளம். புரதக் குறைபாட்டால் குழந்தைகளுக்கு உண்டாகும் வீக்கநோயைச் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் ஆப்பிரிக்காவின் இன்றைய கானா நாட்டில் ஆராய்ந்து, 1930களில் ‘குவாஷியோர்கர்’ என்னும் பெயரால் உலகுக்கு அறிவித்தார். அந்நோயுற்ற குழந்தையின் கன்னமும் வயிறும் உப்பியிருப்பதால் ‘கொழுகொழு’ என்று தோன்றும். தோற்றம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு இல்லை.

மூன்றாம் காரணம்: சுவர் கசிதல்

குளவி கொட்டிய இடமும் அடிபட்ட இடமும் வீங்குவதை அனைவரும் அறிவர். அவ்விடத்தில் சுரக்கும் வேதிப்பொருள்கள் தந்துகிச் சுவரின் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. அதன் வழியே நீரும் புரதமும் வெளியேறுகின்றன; காயத்தைக் காக்கும் வெள்ளணுக்களும் அங்கு வந்து சேர்கின்றன. எனவே, சிறிய அளவில் இது உடலின் தற்காப்புச் செயல்.

இதே கசிவு உடல் முழுவதும் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும். கடுமையான டெங்குக் காய்ச்சலில் பிளாஸ்மா கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது. இரத்தக் குழாய்களுக்குள் நீர் குறைந்து இரத்த அழுத்தம் வீழ்கிறது. இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் தொடங்குகிறது. ஆதலால், ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று மகிழ்ந்திருக்கும் வேளையில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு ஆகியன தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உணவுக் கலப்படமும் தந்துகிகளைக் கசியச் செய்யும். 1998 இல் தில்லியில் கடுகெண்ணெய் உண்ட ஏராளமானோர்க்குக் கால்கள் வீங்கின, மூச்சுத்திணறல் ஏற்பட்டது, 60 பேருக்கு மேல் இறந்தனர். அவ்வெண்ணெயில் பிரம்மதண்டு என்னும் செடியின் விதை எண்ணெய் கலந்திருந்தமை கண்டறியப்பட்டது. அவ்விதை பார்வைக்குக் கடுகைப் போன்றது. அதிலுள்ள சாங்குனரின் என்னும் நச்சுப்பொருள் தந்துகிகளை விரியச் செய்து கசிய வைக்கிறது. மஞ்சள் பூவும் முள்ளிலையும் கொண்ட பிரம்மதண்டு தமிழகத்தின் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் தானாக வளர்கிறது.

நான்காம் காரணம்: வடிகால் அடைபடுதல்

நிணநீர் நாளங்கள் அடைபட்டால் நீருடன் புரதமும் திசுக்களில் தேங்குகிறது. தேங்கிய புரதம் நாளடைவில் திசுக்களைத் தடிக்கச் செய்வதால் இவ்வீக்கம் கெட்டிப்படும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்க்குக் கை வீங்கக்கூடும். இவ்வகையுள் தமிழகம் நெடுங்காலமாக அறிந்தது யானைக்கால் நோய்.

மனித இரத்தத்தில் இந்நோய்ப் புழுவின் நுண்ணிய இளம் பருவங்கள் இருப்பதை 1872 இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் கண்டார். சீனாவில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதை 1877 இல் கண்டறிந்தார். ஒரு நோயின் பரவலில் பூச்சிக்குப் பங்குண்டு என்று காட்டிய தொடக்ககால ஆய்வு இது. தமிழகத்தில் இப்புழுவைப் பரப்புவது கியூலெக்ஸ் என்னும் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நன்னீரில் முட்டையிடும். கியூலெக்ஸ் கொசுவோ சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் பெருகும். ஆகவே, தெருவின் வடிகால் அடைபடுவதும் உடலின் வடிகால் அடைபடுவதும் தொடர்பற்ற நிகழ்ச்சிகள் அல்ல.

முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து அவற்றைச் சிதைக்கின்றன. இளம் பருவங்கள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலவுகின்றன. இதனாலேயே நலவாழ்வுப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாகச் சென்று இரத்த மாதிரி சேகரித்தனர். இந்திய அரசு 1955 இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர், நோய் பரவியுள்ள பகுதிகளில் மக்கள் அனைவர்க்கும் ஆண்டுக்கொருமுறை மாத்திரை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அறிகுறி இல்லாதவரும் அம்மாத்திரையை விழுங்க வேண்டும். ஏனெனில், அவர் உடலிலும் புழு இருக்கலாம். தமிழர்கள் வாழும் அண்டை நாடான இலங்கை, இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. விடாமுயற்சி வெல்லும் என்பதற்கு இது சான்று.

மாத்திரை பரவலைத் தடுக்கும்; ஏற்கெனவே தடித்த காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. எனினும், நோயாளி செய்யத்தக்கது மிகுதியாக உண்டு. நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, சிறு புண்ணையும் உடனே ஆற்றி, அமரும்போது காலை உயர்த்தி வைத்தால் காய்ச்சலும் நெறிகட்டுதலும் குறையும். வீக்கம் மேலும் பெருகாது. இத்துன்பத்தைவிட நோயாளியை மிகுதியாக வருத்துவது சுற்றத்தாரின் பார்வை. தொடுவதாலோ உடன் உண்பதாலோ இந்நோய் பரவாது. இதனை அறிந்தவர் நோயாளியை ஒதுக்கார்.

வீக்கத்தின் வகைகள்

பரவும் இடத்தைக் கொண்டு வீக்கத்தை ஓரிட வீக்கம், உடல் முழுதும் பரவிய வீக்கம் என இரண்டாகப் பகுப்பர். தன்மையைக் கொண்டு, குழிவிழும் வீக்கம், குழிவிழா வீக்கம் எனவும் பகுப்பர். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மீது விரலால் சில நொடிகள் அழுத்தி எடுக்கும்போது பள்ளம் நிலைத்தால் அது குழிவிழும் வீக்கம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நோய்களால் வரும் வீக்கம் பெரும்பாலும் இவ்வகையினது. முற்றிய யானைக்கால் வீக்கமும், தைராய்டு சுரப்புக் குறைவால் வரும் தடிப்பும் எளிதில் குழிவிழா.

தோன்றும் இடமும் நேரமும் குறிப்புகள் தரும். மாலையில் கணுக்காலில் தோன்றுவது பெரும்பாலும் சிரை அல்லது இதயத்தையும், காலையில் கண்ணைச் சுற்றித் தோன்றுவது சிறுநீரகத்தையும், வயிற்றில் மிகுவது கல்லீரலையும் ஆராயத் தூண்டும். இவை குறிப்புகளே அன்றி முடிவுகள் அல்ல. சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளே உறுதி செய்யும்.

காலந்தாழ்த்தக் கூடாதவை

மூச்சுத்திணறலுடன் கூடிய வீக்கம், திடீரென ஒரு காலில் மட்டும் வலியுடன் தோன்றும் வீக்கம், உதடும் நாக்கும் சட்டென வீங்குதல் ஆகியன உடனடி மருத்துவம் வேண்டுபவை. கருவுற்ற பெண்ணுக்குப் பாதம் சற்று வீங்குவது இயல்பு. ஆனால், முகமும் கைகளும் திடீரென வீங்கி, தலைவலியும் பார்வை மங்கலும் இருந்தால் இரத்த அழுத்தத்தை உடனே அளக்க வேண்டும்; அது தாயின் உயிரையும் சேயின் உயிரையும் பற்றியது. இந்நிலைகளில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.

வீக்கம் கண்டவுடன் மருந்துக் கடையில் நீர் பிரியும் மாத்திரையைத் தாமாகவே வாங்கி உண்பது மக்களிடையே காணப்படும் தவறான வழக்கம். வீக்கம் வடிந்தாலும் காரணம் மறைந்து நின்று வளரும். உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரை நிறுத்துவதால், பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பைச் சேர்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் சில மாத்திரைகளாலும் கணுக்கால் வீங்கலாம். அப்போது மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், 1999 இல் உருவாக்கப்பட்ட தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இயங்கி வருகிறது. ஒரு நோய் யாரை, எங்கே, ஏன் தாக்குகிறது என்று மக்கள்தொகை அளவில் ஆராய்வது அதன் பணி. வீட்டிலுள்ள முதியவரின் கால் எப்போது வீங்குகிறது, அழுத்தினால் குழிகிறதா, ஒரு காலா இரு கால்களா என்று கவனித்து மருத்துவரிடம் கூறும் மாணவரும் அதே கேள்விகளைத்தான் சிறிய அளவில் எழுப்புகிறார். வீக்கம் நோயின் பெயரன்று, நோயின் அறிவிப்பு. அதனைக் காலத்தில் படித்தறிபவர் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் நின்றுகொண்டே பணிபுரிவோரைச் சந்தித்து, இருக்கை வசதி உள்ளதா எனக் கேட்டறிந்து அறிக்கை ஒன்று உருவாக்குக.
2. உங்கள் தெருவில் கழிவுநீர் தேங்கும் இடங்களைக் குறித்து, அவற்றைச் சீர்செய்யக் கோரி மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக.
3. உடல்நலம் தொடர்பாக உங்கள் வீட்டுப் பெரியோர் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான மருத்துவக் கலைச்சொற்களுடன் பட்டியலிடுக.

மதிப்பீடு

குறுவினா
1. நீர்வீக்கம் என்றால் என்ன?
2. குழிவிழும் வீக்கத்தை எவ்வாறு அறியலாம்?

சிறுவினா
1. பஞ்சகாலத்தில் மெலிந்த உடலிலும் கால்கள் வீங்கக் காரணம் யாது?
2. யானைக்கால் நோய்க்கான மாத்திரையை அறிகுறி இல்லாதவரும் ஏன் உண்ண வேண்டும்?

நெடுவினா
ஏரியின் நீர் மேலாண்மையோடு ஒப்பிட்டு, நீர்வீக்கத்தின் நான்கு காரணங்களையும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.